‘முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்?’

தேசியக் குடும்ப நல ஆய்வுக்காக வீடு வீடாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, இந்த வீட்டில் முக்கியமாக எந்த எரிபொருளில் சமைக்கிறீர்கள் என்பது. திருவண்ணாமலையில் நான் குடியிருக்கும் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ‘கேஸ்’ என்றுதான் சொல்வார். அதில் பொய்யில்லை. டீ, பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு, இரவுக்குத் தோசை எல்லாம் கேஸில்தான். 2019–21இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் தூய எரிபொருளுக்கு வந்துவிட்டன. இந்திய அளவில் அது 58.6 சதவீதம். நாம் முன்னால் இருக்கிறோம் என்று மார்தட்டிக்கொள்ள ஏற்ற எண்தான்.

ஆனால் அதே வீடுகளின் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். குளிக்க வெந்நீர் மூன்று கல்லின்மேல் காய்கிறது. மல்லாட்டை அவிப்பதும், ஞாயிற்றுக்கிழமை கறி வேகவைப்பதும், நாலு பேர் விருந்தாளி வந்தால் பெரிய குண்டானில் சோறு வடிப்பதும் அங்கேதான். சிலிண்டர் தீர்ந்து அடுத்ததற்குப் பணம் புரட்டும் வாரத்தில் முழுச் சமையலும் அங்கே போய்விடும். ‘முக்கியமாக’ என்ற ஒரு சொல் இந்தப் புகை முழுவதையும் கணக்கிலிருந்து துடைத்து எடுத்துவிடுகிறது. அடுப்புகளைப் பற்றி அரசும் ஆய்வாளர்களும் கம்பெனிகளும் எழுதியவற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். எல்லாவற்றிலும் எனக்கு உறுத்துவது இதுதான்: எல்லோரும் அடுப்பை எண்ணுகிறார்கள், அடுப்பின் முன்னால் இருப்பவளை எண்ணுவதில்லை.

படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கோரிக்கை. எங்கள் பகுதியில் நான்கு பெண்கள் சேர்ந்து இட்லி, கேசரி, சுண்டல் செய்து விற்கிறார்கள். சாதாரண நாட்களில் இரண்டு கடைகளுக்கும் ஒரு விடுதிக்கும் கொடுப்பார்கள். பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையோரம் தாங்களே விற்பார்கள். விறகு அடுப்பு ஒரு வாடகை வீட்டின் பின்புறத்தில் இருந்தது. வீடு கைமாறியபோது புதிய உரிமையாளர் ஒரே நிபந்தனை போட்டார்: புகை வரக் கூடாது. சுவரில் கரி படிகிறதாம், மாடியில் தங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். நான் கல்லூரியில் வேலை பார்ப்பவள் என்பதால் என்னிடம் வந்தார்கள். “டீச்சரம்மா, புகையில்லாத அடுப்புன்னு ஒண்ணு இருக்காமே, விறகும் போடலாம், ஓடும் போடலாம்னு சொல்றாங்க. எது வாங்குனா வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாரு?” எந்த வீட்டுக்காரர் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ரெண்டு பேரும்தான் என்றார் மூத்தவர்.

இந்த ஊரில் கூட்டத்துக்குச் சமைப்பது பழைய வேலை. ரமணாசிரமத்தின் சமையல்கூட வரலாற்றை எடுத்துக்கொண்டால், அதன் தொடக்கம் 1916இல் மகனைத் தேடி வந்து தங்கிய அழகம்மாள் கந்தாசிரமத்தில் மூட்டிய அடுப்புதான். பின்னாளில் மலையடிவாரத்து ஆசிரமத்தில் விதவைப் பெண்கள் சமைத்தார்கள். இருட்டிய பிறகு பெண்கள் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. காலையில் அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் இரவில் ஊருக்குள் போய்விட வேண்டும். இன்றைக்குக் கார்த்திகை தீபத்துக்கு மலையுச்சிக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிவதைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் அளந்து எழுதுகின்றன. அந்தப் பத்து நாளும் வரும் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு பொங்கும் அடுப்புகளில் என்ன எரிகிறது, யார் கண்ணில் எரிகிறது என்று யாரும் அளந்ததை நான் பார்த்ததில்லை.

புகைக்குத் தடை என்றதும் படித்தவர்களுக்கு இங்கிலாந்து நினைவுக்கு வரும். 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் சுமார் 4000 பேர் இறந்ததாக அன்றே மதிப்பிட்டார்கள். அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் ஒரு பகுதியைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே அனுமதிக்கப்பட்ட எரிபொருளையோ சோதனையில் தேறிய அடுப்பையோதான் பயன்படுத்தலாம். பல எரிபொருள் அடுப்பு வாங்குகிறவர்கள் இன்றும் அங்கே அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பழைய கணப்பை மாற்றுவதற்கான நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை உள்ளாட்சி கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. தடை போட்டவரே செலவிலும் பெரும்பங்கை ஏற்றார்.

நம்மிடம் வீட்டு அடுப்புக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. தில்லியில் காற்று மோசமாகும் நாட்களில் உணவகங்களின் கரி, விறகுத் தந்தூரிகளுக்குத் தடை வருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் திருவண்ணாமலையில் ஏழைப் பெண் புகைத் தடைக்குள்தான் வாழ்கிறாள். மலை காப்புக்காடு, அங்கே விறகு வெட்டினாலும் தீ மூட்டினாலும் குற்றம். மொட்டையாகக் கிடந்த மலையில் மறுபடி மரம் வளர்க்கப் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோடையில் பிடிக்கும் தீயை அணைக்க ஓடுகிறவர்களும் அவர்களே. அந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். தீபத் திருவிழாவில் அன்னதானத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பாதையில் அடுப்பு மூட்டிச் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் வருவதுண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. இவற்றோடு வீட்டு உரிமையாளரின் வாய்மொழிச் சட்டம். எல்லாத் தடையும் நியாயமானதாகவே இருக்கட்டும். மாற்று அடுப்புக்கான செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூட யாரும் ஏற்பதில்லை.

சரி, அடுப்பைத் தேடுவோம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் விறகு, வறட்டி போன்றவற்றை எரிக்கும் கையடக்க அடுப்புகளுக்கு ஐஎஸ் 13152 என்ற தரத்தை வைத்திருக்கிறது. 2013இல் திருத்தி வெளியிட்டது. இயற்கையாகக் காற்று இழுக்கும் அடுப்பு என்றால் வெப்பத்தில் 25 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போக வேண்டும். சிறு விசிறி வைத்த அடுப்பு என்றால் 35 சதவீதம். பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு மெகாஜூல் வெப்பத்துக்கும் வெளிவரும் துகள் முதல்வகையில் 350 மில்லிகிராமையும் இரண்டாவதில் 150 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கடையில் ஒரு அடுப்பைக் காட்டி ‘புகையே வராது’ என்று சொன்னால், இந்தச் சோதனையில் தேறியதா, எந்த வகையில் தேறியது என்று கேட்கலாம். கேட்க வேண்டும். வெறும் விளம்பரத்தைவிட ஒரு அளவுகோல் மேல்.

ஆனால் அந்தச் சோதனை நடக்கும் விதம் இருக்கிறதே! அளந்து வெட்டிய, நன்றாகக் காய்ந்த விறகு. குறிப்பிட்ட பாத்திரத்தில் குறிப்பிட்ட அளவு தண்ணீர். அடுப்பை விட்டு நகராத ஒரு ஆள். அழும் குழந்தையும், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்ற கூப்பாடும், மழையில் நனைந்த முள்ளும் ஆய்வுக்கூடத்தில் கிடையாது. விசிறி வைத்த எரிவாயு வகை அடுப்பு ஒன்றை இரவல் வாங்கி நாங்கள் முயன்று பார்த்தோம். மேலிருந்து நிரப்பி மேலேயே பற்றவைப்பது. பற்றி நின்றபின் நீலம் கலந்த சுடர், புகை கண்ணுக்குத் தெரியவில்லை, உண்மையிலேயே அருமை. முக்கால் மணி நேரத்தில் சரக்கு தீர்ந்தது. நடுவில் விறகு போட்டால் அது வரை இல்லாத புகையெல்லாம் சேர்ந்து வந்தது, ஏனென்றால் அந்த அமைப்பே ஒரு முறை நிரப்பி ஒரு முறை எரிப்பதற்கானது. ஐந்து ஈடு இட்லி ஊற்ற வேண்டியவர்களுக்கு அது எப்படி உதவும்? எங்கள் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் மல்லாட்டை ஓட்டைப் போட்டுப் பார்த்தார்கள். லேசான சரக்கு, சட்டென்று எரிந்து முடிந்துவிட்டது. பக்கவாட்டில் விறகு செருகும் ராக்கெட் வகை அடுப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விறகைச் சன்னமாகப் பிளக்க வேண்டும். பிளப்பது யார்?

புகைபோக்கி வைத்த அடுப்பைப் பலரும் பரிந்துரைத்தார்கள். புகைபோக்கி புகையைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தனி வீடு என்றால் அது பெரிய நன்மை. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் என் கூரையிலிருந்து கிளம்புவது அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போகும். அங்கேயும் ஒரு பெண்தான் இருக்கிறாள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் காற்றை அளந்தபோது, அடுப்பையும் எரிபொருளையும் மட்டும் பார்க்காமல் சமையலறையின் வகையையும் பிரித்துப் பார்த்தார்கள்: தடுப்புச் சுவர் உள்ளது, இல்லாதது, வீட்டுக்கு வெளியே தனியாக உள்ளது, திறந்தவெளி. சமைக்காமல் அதே வீட்டில் இருப்பவர்கள் சுவாசிக்கும் துகளும் இதைப் பொறுத்து மாறியது. அப்படியானால் அடுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதிக்குமேல் சமையலறையைத் தேர்ந்தெடுப்பது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேடை கட்டி அதைச் சமையலறை என்று வாடகைக்கு விடும் ஊரில் எந்தப் பெண்ணுக்கு அந்தத் தேர்வு இருக்கிறது? அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில், சமையலறையைக் கொஞ்சம் வசதியாக்கலாம் என்று மருமகள் பேச்செடுத்த பிறகு அதன் ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கொடிகள் கட்டப்பட்டு மலை மறைந்துபோகும். வகுப்பில் அந்தக் கதையை வைக்கும்போதெல்லாம் மாணவிகள் தங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஜன்னலே இல்லை என்பவர்கள்தான் அதிகம்.

புகையில்லா அடுப்பு இன்று கண்டுபிடித்ததல்ல. வார்தாவில் கிராமக் கைத்தொழில் இயக்கத்தார் மகன் சுல்லா என்ற அடுப்பை உருவாக்கினார்கள். ஹைதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையற்ற சமையலறை என்ற கருத்தில் எழுதிய சிறு நூல் 1953இல் சென்னையில்தான் அச்சானது. மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983 டிசம்பரில் தொடங்கியது. 2002இல் அது நிறுத்தப்படும்வரை சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே இடிந்தன, அல்லது இடிக்கப்பட்டன.

அந்த 1983 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது அந்த மாதத்தில்தான். ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி அன்றாடம் வந்த காலம் அது. மாமியார் வீட்டில் மருமகள் மட்டும் எரிந்துபோகும் அந்தச் சாவுகளுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. அடுப்பைத் திருத்தும் திட்டமும் அடுப்பின் பெயரால் நடந்த கொலைகளுக்கு எதிரான சட்டமும் ஒரே மாதத்தில் வந்தன. அடுப்புத் திட்ட அறிக்கைகள் எதிலும் இந்த இரண்டாவதைப் பற்றி ஒரு வரி நான் படித்ததில்லை. பாதுகாப்பான அடுப்பு என்பதற்கு அவர்கள் அகராதியில் ஒரு பொருள்தான் இருந்தது.

இடிந்த அடுப்புகளுக்கு யார் காரணம் என்ற கேள்விக்குப் பெரும்பாலான பதில்கள் பெண்ணை நோக்கியே வரும். ஒடிசாவில் எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரீமா ஹன்னா மூவரும் சுமார் 2600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து செய்த ஆய்வு புகழ்பெற்றது. புகைபோக்கி அடுப்பு கொடுத்த முதல் ஆண்டில் உள்ளிழுக்கும் புகை குறைந்தது, பிறகு அந்தப் பலன் மறைந்தது. குடும்பங்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை என்பது முடிவு. நேர்மையான ஆய்வு, ஆய்வுக்கூடத்தில் தேறியது வீட்டில் தேறாது என்று அடித்துச் சொன்னது. ஆனால் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் ‘பராமரிக்கவில்லை’ என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள்! புகைபோக்கியைச் சுத்தம் செய்யக் கூரைமேல் ஏற வேண்டும். வெடித்த மண்ணை மறுபடி பூச வேண்டும். வயல் வேலை, தண்ணீர், சாணி, பிள்ளை எல்லாம் முடிந்தபின் இதையும் செய் என்று கொடுத்துவிட்டு, செய்யவில்லை என்று குறித்துக்கொள்வதா?

வங்கதேசத்தில் கிராண்ட் மில்லரும் முஷ்ஃபிக் மொபாரக்கும் செய்த ஆய்வை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அடுப்பை இலவசமாகக் கொடுத்தபோது, உடல்நலத்துக்கு நல்ல அடுப்பை ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் விரும்பினார்கள். சிறு தொகை விலை வைத்ததும் அந்த விருப்பம் வாங்குதலாக மாறவில்லை. வாங்க முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. விழிப்புணர்வு முகாம் என்று பெண்களை உட்காரவைத்துப் புகையின் தீமையைப் பாடம் நடத்துகிறவர்கள், பக்கத்துத் தெரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கூட்டி வந்திருக்க வேண்டும்.

சந்தையும் முயன்று பார்த்தது. பிபி நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஊர்ஜா அடுப்பு, பயிர்க் கழிவை இறுக்கிச் செய்த குச்சிக் கட்டிகளில் எரிந்தது, தமிழ்நாட்டிலும் விற்றது. நல்ல அடுப்பு. ஆனால் கட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கழிவின் விலை ஏற ஏறக் கட்டியின் விலையும் ஏறியது. பின்னாளில் தொழில் உணவகங்கள் பக்கம் திரும்பிவிட்டது. விறகு ‘இலவசம்’ என்று பொருளாதாரப் புத்தகங்கள் எழுதுவதற்குக் காரணம், அதைப் பொறுக்கிச் சுமந்து வந்தவளின் நேரத்துக்கு விலை போடாததுதான். அவள் நேரத்துக்கும் ஒரு ரூபாய் வைத்திருந்தால் அந்தக் கட்டி விலை குறைவாகக்கூடத் தோன்றியிருக்கும். இப்போது கார்பன் வரவு என்ற பெயரில் அடுப்பை இலவசமாகக் கொடுப்பவர்கள் வருகிறார்கள். கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், அந்த அடுப்பால் மிச்சமாகும் கரியை யாரோ வெளிநாட்டில் விற்பார்கள். 2024இல் வெளிவந்த ஒரு ஆய்வு, இப்படிப்பட்ட திட்டங்கள் உண்மையில் மிச்சமானதைப்போல ஒன்பது மடங்கு கணக்கு எழுதியிருப்பதாகச் சொன்னது. பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருப்பதை யாரும் சரியாக எண்ணவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். திரும்பவும் அந்த ‘முக்கியமாக’தான்.

இனி கேஸ். 2007இல் தமிழ்நாடு அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016 மே 1இல் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இணைப்பு பெண்ணின் பெயரில். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் 2023 மார்ச்சில் 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 1118 ரூபாய் 50 காசுக்கு விற்றது. பிறகு குறைத்தார்கள், மறுபடி கொஞ்சம் ஏற்றினார்கள். இணைப்பு ஒரு முறை கிடைப்பது, சிலிண்டர் மாதாமாதம் வாங்குவது. பெண்கள் விறகுக்குத் திரும்பினால் உடனே ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: ருசி, பழக்கம், பண்பாடு.

அந்த விளக்கத்தை எங்களுக்குப் பக்கத்து மாவட்டமே உடைத்துவிட்டது. ஹேபின் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு ஆய்வு இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3200 கர்ப்பிணிகளிடம் நடந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்போடு 18 மாதங்களுக்கு எரிவாயுவும் இலவசமாக வீட்டுக்கே வந்தது. என்ன நடந்தது? அந்தப் பெண்கள் விறகைக் கிட்டத்தட்ட முழுதாகவே கைவிட்டார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகில் சமைத்தவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. ருசியும் பண்பாடும் எங்கே போயின? காசு கேட்காதபோது அவை அடுப்படிப் பக்கமே வரவில்லை.

2022இல் வந்த அதன் முதல் பெரிய முடிவு ஏமாற்றம் என்று எழுதப்பட்டது. பிறந்த குழந்தைகளின் எடையில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கேஸ் கொடுத்தும் பயனில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஆய்வு எதை அளக்க முதன்மையாகத் திட்டமிட்டது என்று பார்த்தேன். நான்கு அளவீடுகள். குழந்தையின் பிறப்பு எடை, குழந்தைக்கு வரும் கடும் நிமோனியா, குழந்தையின் உயரக் குறைவு. நான்காவது, வீட்டிலுள்ள மூத்த பெண்ணின் ரத்த அழுத்தம். அடுப்பின் முன்னால் உட்கார்ந்த அந்தக் கர்ப்பிணியின் சொந்த உடம்பு அந்த நான்கில் இல்லை. அறிவியலுக்கு அதன் காரணங்கள் இருக்கும். குழந்தையின் எடையைத் தராசில் வைக்கலாம், தாயின் கண்ணெரிச்சலை வைக்க முடியாது. இருந்தாலும் கேட்கிறேன்: அவள் புகையில்லாமல் மூச்சுவிட வேண்டும் என்பதற்கு அவள் வயிற்றிலிருப்பது சாட்சி சொல்ல வேண்டுமா? துகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது என்பதே அவளுக்கு ஒரு முடிவு இல்லையா? எனக்கு அந்த ஆய்வு வெற்றிதான்.

நான்கு பெண்களிடம் இதையெல்லாம் சொன்னபோது மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரிம்மா, நாங்க எத வாங்குறது?” என்றார்.

மின்சாரத்தை முதலில் பார்த்தோம். ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு செய்ய, என் கணக்குப்படி 120 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். ஆனால் குடித்தனக்காரர்களிடம் பல வீட்டு உரிமையாளர்கள் சொந்தமாக ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அந்த 100 யூனிட் அவர்களோடு நின்றுவிடுகிறது. அலுமினியக் குண்டான் அதில் சூடாகாது, அடி உருண்ட வாணலி உட்காராது. பாத்திரம் எல்லாம் புதிதாக வேண்டும். ஒரு வீட்டுக்கு, சொந்த மீட்டர் இருந்தால், வெந்நீருக்கும் காலைச் சமையலுக்கும் நான் இண்டக்‌ஷனைத்தான் சொல்வேன். பௌர்ணமிக்கு முந்நூறு இட்லி என்றால் சரிப்படாது.

வீட்டுச் சிலிண்டரில் வியாபாரம் செய்யக் கூடாது. வணிகச் சிலிண்டர் 19 கிலோ, விலையும் அதற்கேற்ப எகிறும். விறகு அடுப்பில் ஒரு வாரத்துக்கு ஆன செலவையும் விறகு வாங்கப் போய்வந்த ஆட்டோவையும், கூடவே நான் வற்புறுத்தியதால் விறகு பிளந்த மணி நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதினார்கள். பிளந்த நேரத்துக்குத் தங்கள் இட்லி வியாபாரத்தின் கூலியையே போட்டபோது இரண்டு பக்கக் கூட்டலும் அவர்கள் நினைத்த அளவுக்குத் தள்ளி நிற்கவில்லை. இட்லிக்கும் கேசரிக்கும் வணிகச் சிலிண்டரும் பெரிய பர்னரும் என்று முடிவானது. சுண்டலுக்கு ஊறவைத்த கடலையைக் குக்கரில் வேகவைத்தால் பாதி எரிவாயு மிச்சம் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களில் இளையவர் சொன்னார். பழைய விறகு அடுப்பை இடிக்கவில்லை. அவர்களில் ஒருவருக்கு ஊருக்கு வெளியே சொந்த மனை இருக்கிறது. கல்யாண ஆர்டர் வந்தால் அங்கே, திறந்தவெளியில், சன்னமாகப் பிளந்து நன்றாகக் காயவைத்த விறகில். ஆக இரண்டு அடுப்பு. ஆய்வுக்காரர் வந்து கேட்டால் ‘கேஸ்’ என்பார்கள்.

பதிவு செய்யப் போனபோது ஒரு சிறு விஷயம் கண்ணில் பட்டது. நான்கு பேரின் வீட்டு எரிவாயு இணைப்பும் அவரவர் பெயரில்தான் இருந்தது. அவற்றில் மூன்றுக்குக் கொடுத்திருந்த கைபேசி எண் கணவருடையது. சிலிண்டர் பதிவு செய்வதும், வந்துசேர்வதற்கான குறுஞ்செய்தியும், டெலிவரி ஆள் கேட்கும் குறியீட்டு எண்ணும் அந்த எண்ணில்தான். கணவர் வேலைக்குப் போன ஊரிலிருந்து போனை எடுக்காவிட்டால் சிலிண்டர் வாசல்வரை வந்து திரும்பிப் போகும். எண்ணை மாற்ற ஆதாரும் பழைய புத்தகமும் எடுத்துக்கொண்டு ஒரு மதியம் நால்வரும் போனார்கள். இரண்டு பேருக்கு அன்றே மாறியது. மூன்றாமவருக்குப் பழைய எண்ணுக்கு வரும் குறியீட்டைச் சொன்னால்தான் மாற்ற முடியும் என்றார்கள். அவர் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு வருவார்.